‘பல் வலிக்குது’னு சொல்லத் தெரியாதவர்களுக்குப் பல் பராமரிப்பு எப்படி? காஞ்சிபுரம் நெசவு வீடுகளுக்கான முழு விவரம்

தட்டில் சோறு வைத்தால் தள்ளிவிடுகிறான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அழுகிறான். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். ‘அடம் ஜாஸ்தியாயிடுச்சு’ என்று வீட்டில் முடிவு செய்கிறார்கள். சிலர் தூக்க மாத்திரை கேட்டு டாக்டரிடமும் போகிறார்கள். கடைசியில் யாரோ டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தால், கடைவாய்ப் பல்லில் ஓட்டை, ஈறில் சீழ்.

பேச்சு வராதவர்கள், வலியை வலி என்று சொல்லத் தெரியாதவர்கள் விஷயத்தில் பல் வலி பெரும்பாலும் இப்படித்தான் வெளியே வருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு வாய் ஆரோக்கியம் கெடும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். இவர்களில் தானே பிரஷ் பிடித்துத் தேய்க்க முடியாதவர்களுக்கு, பல் என்பது இன்னொருவர் கையில் இருக்கும் விஷயம்.

சாதாரணமாக ஒரு சொத்தைப் பல்லை அடைப்பது அரை மணி நேர வேலை. வாயைத் திறக்கவே மறுக்கும் ஒருவருக்கு அதே பல்லுக்கு முழு மயக்கம், ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை, ஆபரேஷன் தியேட்டர் வரை தேவைப்படலாம். வீட்டில் தினமும் ரெண்டு வேளை, ரெண்டு ரெண்டு நிமிஷம் ஒழுங்காகத் தேய்த்தால் அந்த தியேட்டர் வாசலுக்குப் போவதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். அந்த ரெண்டு நிமிஷத்தை எப்படிச் செய்வது, அதற்கும் மீறிக் கெட்டுப்போனால் எங்கே போவது என்பதைப் பார்க்கலாம்.

நெசவு வீட்டில் என்ன தனிச் சிக்கல்?

காஞ்சிபுரம் பட்டின் அடையாளமே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா போட்டு இரண்டையும் பின்னிச் சேர்க்கிற நுட்பம். இதற்குத் தறியில் உட்காருபவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். பிள்ளையார்பாளையம் மாதிரியான நெசவுத் தெருக்களில் அந்த இன்னொரு கை பெரும்பாலும் வீட்டு ஆள்தான். கணவன் தறியில் இருந்தால் மனைவி பக்கத்தில் இருப்பார்.

கூலி சேலைக் கணக்கில் வருகிறது. தறி நின்றால் கூலியும் நின்றது. நடக்க முடியாத, அல்லது கூட்டத்தைக் கண்டால் பதறுகிற ஒருவரைச் சென்னைக்கு அழைத்துப்போக ரெண்டு பேர் தேவை. தறியில் உட்காரும் அதே ரெண்டு பேர்தான் போக வேண்டும். சுமார் 75 கிலோமீட்டர் தூரம், போக வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஒரு தடவையில் முடிகிற வேலையும் இல்லை. அதனால்தான் ‘இந்தச் சேலையை அறுத்ததும் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போகிறது. இதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது, அந்த வீட்டின் கணக்கு அப்படி.

இன்னொரு விஷயம் பிஸ்கட். ரெண்டு பேரும் தறியில் இருக்கும்போது பிள்ளை அழாமல் இருக்க ஒரு பாக்கெட் பிஸ்கட், ஒரு சாக்லேட், நடுவில் ஒரு டம்ளர் டீ. பல்லுக்கு எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போகும்போதும் வாயில் உள்ள கிருமிகள் அமிலம் உண்டாக்குகின்றன. சுமார் 20 முதல் 30 நிமிஷம் அந்த அமிலம் பல்லை அரிக்கும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தால் பல்லுக்கு ஓய்வே கிடைக்காது. நாக்கால் துழாவி, உணவுத் துணுக்கை அகற்றத் தெரியாத பிள்ளைக்கு இது இன்னும் மோசம், பிஸ்கட் கூழ் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவிலேயே கிடக்கும்.

கோயில் ஊர் என்பதால் பிரசாதத்தை வேண்டாம்னு சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம். சர்க்கரைப் பொங்கலைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்க வைத்தால் போதும். இடைவேளைக்கு வேர்க்கடலை, சுண்டல், வாழைப்பழம் என்று மாற்றலாம். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குக் கடலை வகை வேண்டாம், புரையேறும்.

இவர்களுக்கு மட்டும் பல் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

குறைபாட்டுக்குக் குறைபாடு காரணம் மாறும். பல நேரம் காரணம் குறைபாடே இல்லை, அதற்குக் கொடுக்கிற மருந்து.

வலிப்புக்கு நீண்ட காலமாகத் தரப்படும் ஃபெனிடோயின் மாத்திரை ஈறை வீங்கி வளரச் செய்யும். சிலருக்கு ஈறு பல்லையே பாதி மூடிவிடும். அழுக்கு சேர்ந்தால் இந்த வளர்ச்சி கூடும், சுத்தமாக வைத்தால் கட்டுக்குள் இருக்கும். இதைப் பார்த்துப் பயந்து மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துபவர்கள் உண்டு. அது உயிருக்கே ஆபத்து. நரம்பியல் மருத்துவரிடம் ஈறைக் காட்டி, ‘வேற மருந்துக்கு மாத்த முடியுமா’ என்று கேட்கலாம். முடிவு அவருடையது.

அடுத்தது சிரப். கசப்பு தெரியாமல் இருக்க வலிப்பு மருந்து, இருமல் மருந்து என்று பல சிரப்புகளில் சர்க்கரை சேர்க்கிறார்கள். தூங்கும் முன் சிரப் கொடுத்து அப்படியே படுக்க வைத்தால், ராத்திரி முழுக்கப் பல் சர்க்கரைப் பாகில் ஊறுகிறது. தூக்கத்தில் எச்சிலும் குறைவு. முதலில் மருந்து, பிறகு பல் தேய்ப்பு, பிறகு தூக்கம் என்ற வரிசைக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை குறையும். இதற்குப் பைசா செலவில்லை. மனநல மருந்துகள் சிலவற்றால் வாய் உலர்ந்துபோவதும் உண்டு, அவர்களுக்கு அடிக்கடி தண்ணீர் தேவை.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பல் தாமதமாக முளைக்கும். சொத்தையைவிட ஈறு நோய்தான் அவர்களுக்குப் பெரிய எதிரி. இளவயதிலேயே பல் ஆடத் தொடங்கிவிடலாம். இவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறும் இருக்கும். ஈறில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கும் ஆபத்து சிலருக்கு உண்டு. அதனால் பல் பிடுங்கும் முன், இதயத்துக்கு என்ன சிகிச்சை நடந்தது என்பதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருவார்.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் தாடை இறுகும். பிரஷ் பட்டதும் தன்னையறியாமல் கடித்துவிடுவார்கள். பற்களை நறநறவென்று கடிப்பதும், வயிற்று அமிலம் மேலே வந்து பல் தேய்வதும் சகஜம். வாந்தி எடுத்தாலோ, எதுக்களித்தாலோ உடனே பிரஷ் போடக் கூடாது. தண்ணீரால் துடைத்துவிட்டு அரை மணி நேரமாவது கழித்துத் தேய்க்க வேண்டும், அமிலத்தில் இளகிய பல் பிரஷ் பட்டால் இன்னும் தேயும்.

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு வாய் அழுக்கு பல்லோடு நிற்காது. எச்சிலோடு கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். மூக்கிலோ வயிற்றிலோ குழாய் வழியாகச் சாப்பாடு போகிறவர்களுக்கு ‘வாயால சாப்பிடறதே இல்லையே, எதுக்குத் தேய்க்கணும்’ என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அவர்களுக்குப் பல்லில் காரை வேகமாகப் படியும். அவர்களுக்கும் தினமும் தேய்க்க வேண்டும்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிரச்சினை வேறு மாதிரி. பேஸ்டின் காரம், நுரை, பிரஷ் நார் ஈறில் படும் உணர்வு, கிளினிக்கின் வெளிச்சம், மெஷின் சத்தம் என்று நமக்குச் சாதாரணமாகத் தெரிவது அவர்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சத்தம் பழக்கம், பல் மெஷின் சத்தம் புதுசு. சத்தம் பழகிடுச்சே, பயப்பட மாட்டான் என்று கணக்குப் போட முடியாது.

எப்படி உட்கார வைத்துத் தேய்ப்பது?

எந்த பேஸ்ட், எந்த பிரஷ் என்பதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம் உட்காரும் நிலை. வாஷ்பேசின் முன்னால் நிற்க வைத்து, எதிரே நின்று தேய்ப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான முறை. தலைக்குப் பிடிமானம் இருக்காது, கடைவாய் தெரியாது, ஆள் பின்னால் போய்க்கொண்டே இருப்பார்.

பல் தேய்க்கக் குளியலறைதான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கூடத்தில் தரையில் உட்கார்ந்தே செய்யலாம். கைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற முறை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட அதே முறைதான். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையின் தலையை மடியில், முகம் மேலே பார்க்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கை தாடையையும் உதட்டையும் பிடிக்க, இன்னொரு கை தேய்க்கும். ரெண்டு பேர் இருந்தால் எதிரெதிரே முட்டியோடு முட்டி ஒட்டி உட்கார்ந்து, ஒருவர் மடியில் உடலும் இன்னொருவர் மடியில் தலையும் இருக்கும்படி வைக்கலாம்.

வளர்ந்தவர்களை ஸ்டூலிலோ தரையிலோ உட்கார வைத்து, தேய்ப்பவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தலையைத் தன் நெஞ்சிலோ தோளிலோ சாய்த்துக்கொள்ளலாம். வீல்சேரில் இருப்பவருக்கு பிரேக் போட்டுவிட்டுப் பின்னால் நின்று இதையே செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. விழுங்கச் சிரமப்படுபவரை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. தலையை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் எச்சில் வெளியே வழியும், உள்ளே போகாது. பக்கத்தில் ஒரு துண்டு இருந்தால் போதும்.

நேரமும் முக்கியம். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் முடியும் என்றால் அது ராத்திரி வேளையாக இருக்கட்டும். காலையில் தறி ஏறும் அவசரத்தில் தேய்ப்பதைவிட, ராத்திரி தறி இறங்கிய பிறகு நிதானமாகத் தேய்ப்பது பல மடங்கு மேல். தினமும் அதே இடம், அதே நேரம், அதே பாட்டு என்று வைத்துக்கொண்டால், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்து அவர்கள் பயப்படுவது குறையும்.

பிரஷ், பேஸ்ட்: என்ன வாங்கலாம்?

தலை சின்னதாக, நார் மென்மையாக இருக்கும் சாதாரண பிரஷ் போதும். கை இறுக்கமாகப் பிடிக்க முடியாதவர்களுக்குப் பிடியைத் தடிமனாக்க வேண்டும். சைக்கிள் ஹேண்டில்பார் ரப்பரைச் செருகலாம், ரப்பர் பந்தில் துளை போட்டு மாட்டலாம், பழைய சேலைக் கரைத் துணியைச் சுற்றிக் கட்டலாம். காஞ்சிபுரத்தில் துணிக்கா பஞ்சம்? தானாகத் தேய்க்க முடிந்தவர்களைத் தேய்க்க விட வேண்டும். கடைசியில் ஒரு சுற்று மட்டும் வீட்டார் தேய்த்துவிட்டால் போதும்.

பேஸ்டில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று அட்டையில் பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. துப்பத் தெரியாதவர் என்றால் வயது எதுவானாலும் அரிசி அளவுதான். நுரை அதிகம் வராத பேஸ்ட் அவர்களுக்கு நல்லது. தேய்த்த பிறகு ஈரத் துணியால் துடைத்து எடுத்தால் போதும். துப்பத் தெரிந்தவர்களும் துப்பிவிட்டு விட்டுவிடலாம், தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

ஆலும் வேலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தானாக மெல்லத் தெரியாதவர் வாயில் இன்னொருவர் வேப்பங்குச்சியை வைத்துத் தேய்ப்பது ஈறைக் கிழிக்கும். செங்கல் பொடி, சாம்பல், உப்பு எல்லாம் பல்லின் மேல்பூச்சைச் சுரண்டும். அவை வேண்டாம்.

கிளோர்ஹெக்ஸிடின் என்ற மவுத்வாஷை டாக்டர் எழுதிக்கொடுத்தால், கொப்பளிக்க முடியாதவர்களுக்குத் துணியிலோ பஞ்சிலோ நனைத்து ஈறில் தடவலாம். பேஸ்ட் போட்ட உடனே வேண்டாம், அரை மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மாதக்கணக்கில் தொடர்ந்து போட்டால் பல் பழுப்பாகும்.

தேய்க்கும்போது ரத்தம் வந்தால் பயந்து நிறுத்திவிடுவதுதான் வழக்கம். ஈறு வீங்கியிருப்பதால்தான் ரத்தம் வருகிறது. மென்மையாகத் தொடர்ந்து தேய்த்தால் சில நாட்களில் குறையும். ஹீமோபிலியா உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் உடனே டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வாயையே திறக்க மாட்டேங்கிறாங்களா?

முதல் நாளே முப்பத்திரண்டு பல்லையும் தேய்க்க வேண்டாம். முதல் வாரம் கன்னத்தை, உதட்டை மட்டும் தொடலாம். அடுத்து விரலில் ஈரத் துணி சுற்றி முன்பல்லைத் துடைக்கலாம். அடுத்து வெறும் பிரஷ். பேஸ்ட் எல்லாம் அப்புறம். ஒவ்வொரு கட்டமும் சில நாள் ஆகட்டும், சிலருக்கு மாதமே ஆகும். பத்து வரை எண்ணிவிட்டு நிறுத்துங்கள், எண்ணி முடித்ததும் நிச்சயம் நிறுத்துங்கள். பத்து என்று சொல்லிவிட்டு இருபது வரை போனால் மறுநாள் நம்ப மாட்டார்கள்.

செல்போன் இங்கே உதவும். பிரஷ், பேஸ்ட், அக்கா பல் தேய்ப்பது, கடைசியில் பிடித்த பொம்மை என்று நாலு போட்டோ எடுத்து வரிசையாகக் காட்டினால், சொல் புரியாதவர்களுக்கும் படம் புரியும்.

கடிப்பவர்கள் வாயில் எக்காரணம் கொண்டும் பல்லுக்கு நடுவே விரலை வைக்கக் கூடாது. ஈரத் துண்டைக் கெட்டியாகச் சுருட்டி ஒரு பக்கக் கடைவாயில் வைத்துவிட்டு மறுபக்கம் தேய்க்கலாம். வலிப்பு வரும் நேரத்தில் வாய்க்குள் எதையும் திணிக்கக் கூடாது. ஸ்பூன், சாவி எல்லாம் பல்லை உடைக்கும்.

கையையும் காலையும் நாலு பேர் அமுக்கிப் பிடித்துத் தேய்ப்பது வேலைக்கு ஆகாது. அன்றைக்குப் பல் சுத்தமாகும், மறுநாளில் இருந்து பிரஷைப் பார்த்தாலே ஓடுவார்கள். பல் மருத்துவரின் நாற்காலியிலும் இதே கதைதான்.

வலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

திடீரென்று ஒரு பக்கமாகவே மெல்வது, குளிர்ந்த தண்ணீரைத் தள்ளிவிடுவது, கன்னத்தில் கை வைத்துக்கொண்டே இருப்பது, எச்சில் வழக்கத்தைவிட அதிகம் ஒழுகுவது, துணியைக் கடிப்பது, தலையை முட்டுவது, தூக்கம் கெடுவது என்று ஏதாவது மாற்றம் புதிதாகத் தொடங்கியிருந்தால் முதல் வேலையாக வாயைப் பாருங்கள். மாதம் ஒரு முறை, தூங்கும்போதாவது, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பது நல்ல பழக்கம். வெள்ளைக் கோடு, பழுப்புப் புள்ளி, ஈறில் சின்னக் கொப்புளம் தெரிந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம்புத் தைலத்தை ஊற்றுவது, வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பது இரண்டும் சதையைப் புண்ணாக்கும். ‘எரியுது’ என்று சொல்லத் தெரியாதவருக்கு அது தெரியாமலேயே ஆழமாகிவிடும்.

தாடைக்கு அடியிலோ கண்ணுக்குக் கீழேயோ வீக்கம் பரவுகிறது, காய்ச்சல் இருக்கிறது, விழுங்கவோ மூச்சு விடவோ முடியவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தில் இருந்து எங்கே போவது?

முதலில் அரசு தலைமை மருத்துவமனையின் பல் பிரிவு. 18 வயதுக்குள் என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. அவர்கள் பார்க்க வேண்டிய 30 குறைபாடுகளின் பட்டியலில் பல் பிரச்சினையும் இருக்கிறது. அங்கிருந்து அனுப்பப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பல் மருத்துவருக்கும் இடம் உண்டு. பள்ளிக்கு வராமல் வீட்டிலேயே கல்வி பெறும் பிள்ளை என்றால், சிறப்பாசிரியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ பெயரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளைதான் இந்தப் பரிசோதனையில் விடுபட்டுப் போகிறது.

பெரிய சிகிச்சை என்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1953-ல் தொடங்கப்பட்டது. நெசவு வீடுகளுக்குத் தூரம் முக்கியம் என்பதால், மேல்மருவத்தூர், காட்டாங்கொளத்தூர், மதுரவாயல் பகுதிகளில் இருக்கும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளையும் விசாரிக்கலாம். கல்லூரி மருத்துவமனைகளில் பொதுவாக கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. போன் செய்து ‘குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவு’ என்று கேட்க வேண்டும். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளைக் கையாளப் பயிற்சி பெறுபவர்கள் அந்தப் பிரிவினர்தான்.

கிளம்பும் முன் ஒரு பையில் இவை இருக்கட்டும்: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, தற்போது கொடுக்கும் எல்லா மருந்துகளின் அட்டைகள், கடைசியாக வலிப்பு வந்த தேதி, இதயப் பரிசோதனை ரிப்போர்ட், மாற்றுத் துணி, பிடித்த பொம்மை. வெளிச்சம் தாங்காதவருக்குக் கூலிங் கிளாஸ், சத்தம் தாங்காதவருக்கு ஹெட்போன். முடிந்தால் முதல் தடவை சிகிச்சை எதுவும் வேண்டாம் என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வருவதோடு விட்டுவிடலாம். ஒரு நாள் கூலி வீண் என்று தோன்றும். ஊருக்குள்ளேயே இருக்கும் மருத்துவமனை என்றால் இது சாத்தியம், அதனால்தான் பழக்கத்தை அங்கேயே தொடங்குவது நல்லது.

டிரில் போடாமல் சொத்தையை நிறுத்த முடியுமா?

பல நேரம் முடியும். சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தடவினால் அது பரவுவது நின்றுவிடும். ஊசி இல்லை, மெஷின் சத்தம் இல்லை, சில நிமிஷ வேலை. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஒரே குறை, சொத்தை இருந்த இடம் கறுப்பாகிவிடும். முன்பல்லில் கறுப்பு தெரிவது சில வீடுகளுக்குச் சங்கடம். கறுப்பா, மயக்க மருந்தா என்று வரும்போது பலர் கறுப்பைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கேட்காவிட்டால் எல்லா இடத்திலும் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள். சொத்தை வரும் முன்பே மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்வதும் நல்ல தடுப்பு.

இவை எதுவும் போதாது, பல பற்கள் ஒரே நேரத்தில் கெட்டிருக்கின்றன என்றால்தான் முழு மயக்கம். ஒரே நாளில் எல்லாப் பல்லையும் பார்த்துவிடலாம் என்பது இதில் உள்ள லாபம். மயக்கத்துக்கு முன் திட உணவு ஆறு மணி நேரமும், தண்ணீர் இரண்டு மணி நேரமும் நிறுத்த வேண்டும் என்பது பொதுவான விதி. பசி தாங்காமல் அழுகிறான் என்று யாரும் பிஸ்கட் கொடுத்துவிடக் கூடாது, மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. காலை வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா என்று மயக்க மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? பணம் யார் தருவது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அதன் 25-வது பிரிவு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. குடும்ப வருமானத்துக்கு உட்பட்டு அருகிலேயே இலவச மருத்துவம், அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையில்லாமல் போய்வரும் வசதி, சிகிச்சையில் முன்னுரிமை. 2019-ல் அத்திவரதர் வைபவத்தின்போது முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி வரிசை விட்டதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. மருத்துவமனை ஓ.பி. வரிசையில் அதே முன்னுரிமை சட்டப்படியான உரிமை. அடையாள அட்டையைக் காட்டிக் கேட்கலாம். மாடியில் இருக்கும் கிளினிக், லிஃப்ட் இல்லை என்பதும் இந்தப் பிரிவுக்குள் வரும் பிரச்சினைதான்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நாலுக்கு மட்டும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீடு உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு இல்லை, முன்பரிசோதனை இல்லை. எந்த மருத்துவமனையிலும் பார்த்துவிட்டு பில்லை அனுப்பிப் பணம் பெறலாம். பல் நோய்த் தடுப்புச் செலவும் அதில் அடங்கும். பலருக்கு இந்தத் திட்டம் இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களும் ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். ஒன்று கவனிக்க வேண்டும், தமிழ்நாட்டு அரசுப் படிவங்களில் ஆட்டிசத்தைப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று குறிப்பிடுவார்கள். நல்ல மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கட்டத்தில்தான் டிக் அடிக்க வேண்டும்.

விண்ணப்பம், அடையாள அட்டை பற்றிய விவரங்களுக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104.

18 வயசு தாண்டியவர்களுக்கு?

இங்கேதான் பெரிய ஓட்டை. பள்ளிப் பரிசோதனை 18-ல் முடிகிறது. குழந்தைகள் பல் மருத்துவரும் ஒரு கட்டத்தில் ‘இனிமே பெரியவங்க பிரிவுக்குப் போங்க’ என்பார். பிரிட்டனில் சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கான பல் மருத்துவம் 2008-ல் தனித் துறையாகவே அங்கீகரிக்கப்பட்டது. இந்தியாவில் பல் மருத்துவ முதுநிலைப் படிப்பில் ஒன்பது துறைகள் இருக்கின்றன, அதில் இது இல்லை. 30 வயது மூளை முடக்குவாத நோயாளியை யார் பார்ப்பது என்பது அந்தந்த மருத்துவரின் அனுபவத்தையும் மனசையும் பொறுத்த விஷயமாக நிற்கிறது.

அதனால் பிள்ளைக்கு 16, 17 வயது ஆகும்போதே, இப்போது பார்க்கும் மருத்துவரிடம் ‘அடுத்து யாரிடம் போவது’ என்று கேட்டு, பழைய எக்ஸ்ரே, மருந்துக் குறிப்பு, எந்த முறையில் வாயைத் திறந்தான் என்பது உட்பட ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. 18 வயதுக்குப் பிறகு ஆபரேஷனுக்குக் கையெழுத்திடும் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் வரும். மேலே சொன்ன நாலு குறைபாடுகளுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பெற்றோரோ உடன்பிறந்தவரோ சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று பெறலாம். சில மருத்துவமனைகள் இதைக் கேட்கும். வலி வந்த பிறகு விண்ணப்பித்தால் நாள் ஆகும், 18 முடிந்த உடனே வாங்கி அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.